ரெண்டு பேப்பரிலும் ஒரே கையெழுத்து

ஹுன்னஸ்கிரிய
10.4.1999

அன்பு நாத்தனா திரேசாவுக்கு, ஒங்கண்ணன் பொண்டாட்டி சுந்தரி எழுதிக்கிறது. இங்க நான், ஒங்கண்ணன், மகன் செபஸ்தி மூணு பேரும் சொகம். என் முழங்கால் மட்டும் சொகமில்ல, அதுக்குத் தனியாத்தான் கடுதாசி போடணும். வத்தேகமயில நீ சொகமா? ஒனக்கு மாப்பிள்ளை பாக்குறதை நான் இன்னும் நிறுத்தல. நாப்பத்திரெண்டு ஒரு வயசா?

ஒரு வெக்கக்கேட்டை மொதல்லயே சொல்லிப்புடுறேன். இல்லாட்டி கடைக்கார மக்கீன் நானா ஒங்கிட்டச் சொல்லிச் சிரிப்பாரு. போன புதன்கிழமை செபஸ்தி பேருக்கு அரசாங்கக் கடுதாசி வந்துச்சு. முழுக்கச் சிங்களம். சிறைச்சாலை வேலைக்கு எழுதிப் போட்டிருந்தான்ல, அதுக்கு ஆகஸ்ட் அஞ்சாந்தேதி இன்டர்வியூன்னு சொன்னான். அதை அந்தோனியார் படத்துக்குப் பக்கத்துல ஆணியடிச்சு மாட்டி, மெழுகுதிரி கொளுத்தி, கொழுக்கட்டை அவிச்சு லயத்துல பன்னெண்டு வீட்டுக்கும் குடுத்தேன். வந்தவளுகளுக்கெல்லாம் "வாசிச்சுப் பாரு, எம்மகன் பேரு எப்படி அச்சடிச்சிருக்கு"ன்னு காட்டினேன். மூணாம் நாள் மக்கீன் நானா வந்து, "ஏன் தங்கச்சி, கடுதாசியில அரசாங்கச் சிங்கம் தலைகீழா நிக்கிது?"ன்னாரு. மூணு நாளா தலைகீழாத்தான் மாட்டியிருக்கேன். பன்னெண்டு வீட்டாளுகளும் "ஆமா அக்கா, நல்ல எழுத்து"ன்னுட்டுப் போயிருக்காளுக! நானா கண்ணாடி கொண்டாரல. அடுத்த தரம் வந்து வாசிச்சுக் காட்டுறேன்னாரு.

எனக்கு வேலைகூட பெருசில்ல திரேசா. அதோட குடுக்குற அரசாங்க அடையாளக் கார்டுதான். போன வருசம் கண்டியில குண்டு வெடிச்சப்ப, துணிக்கடை வேலைக்குப் போன புள்ளைய லொட்ஜுல வெச்சுப் பொலிசு பிடிச்சு பத்தொம்போது நாள் கழிச்சுத்தான் விட்டாங்க. இன்னைக்கும் செருப்பைக் கழட்டாமத்தான் படுக்குறான். சட்டைப் பையில அரசாங்கக் கார்டு இருந்தா எவன் தொடுவான்?

அரசாங்கத்துக்குக் குடுக்கன்னு நீ அனுப்பின ரெண்டு மனுப் பேப்பரிலும் கையெழுத்து வெச்சிருக்கேன். ஒண்ணு வயித்துல உள்ள புள்ளைய அழிக்கக்கூடாதுன்னு. இன்னொண்ணு கொலகாரனைத் தூக்குல போடுன்னு. ஒண்ணு கொல்லாதேங்குது, ஒண்ணு கொல்லுங்குது. நாத்தனாரே, காலையில ஒரு சாமி, சாயங்காலம் ஒரு சாமியா ஒனக்கு? சும்மா கேலிக்குத்தான். கோவிக்காத.

மதினி
சுந்தரி


வத்தேகம
18.4.1999

அன்பான மதினிக்கு, உயிர்த்த ஆண்டவரின் சமாதானம் உங்கள் வீட்டில் தங்குவதாக. நான் நலம். பிரசவ வார்டில் இந்த மாதம் நிறையப் பிள்ளைகள், நர்சுகள் நாங்கள் இரண்டே பேர், அதனால் கால் வலி. உங்கள் முழங்காலுக்கு நொச்சி இலை ஒத்தடம் போடுங்கள்.

சிங்கம் தலைகீழாக நின்றதை வாசித்து வார்டில் தனியாகச் சிரித்தேன். செபஸ்திக்கு வேலை கிடைக்க வேண்டுமென்று பூசை கேட்டிருக்கிறேன். ஜனவரியில் நன்னடத்தைச் சான்றிதழ் கேட்டு வந்தவன், சிறைச்சாலை வேலை என்று மட்டும்தான் சொன்னான். சுவாமியிடம் நானே பேசிக் கையெழுத்து வாங்கிக் கொடுத்தேன். ஞானத்தாய் என்று எனக்கு அதுதானே முடியும்.

கேலி என்றாலும் பதில் சொல்கிறேன். வயிற்றுப் பிள்ளை ஒரு குற்றமும் செய்யாதது. கொலைகாரன் அப்படி இல்லை. மாசி மாதம் எங்கள் ஞாயிறு வகுப்புப் பிள்ளை, பன்னிரண்டு வயது, ஆற்றோரத்தில் கிடந்தாளே, அவளைக் குளிப்பாட்டி வெள்ளைச் சட்டை போட்டுவிட்டது நான். அவளுடைய தாய்க்குச் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. அதையும் நான்தான் போட்டேன். இரண்டு பேப்பரும் உயிர் பெரிது என்றுதான் சொல்கின்றன மதினி. எனக்கு ஒரே சாமிதான்.

அண்ணனுக்கு என் அன்பு.

திரேசா


ஹுன்னஸ்கிரிய
27.4.1999

நாத்தனாவுக்கு மதினி எழுதுறது. எல்லாரும் சொகம். ஒத்தடம் போட்டேன், வலி எறங்கி இப்ப கணுக்காலுக்கு வந்திருக்கு.

அந்தப் புள்ளை சட்டையப் பத்தி எழுதினதைச் செபஸ்தி வாசிச்சுக் காட்டினான். அப்புறம் நான் கேலி பண்ணல.

ஒரு சந்தேகம். மக்கீன் நானா கண்ணாடியோட வந்து கடுதாசிய வாசிச்சாரு. பாதியில நிறுத்திட்டாரு. "என்னா வேலை நானா?"ன்னேன். "அலுகோசுன்னு போட்டிருக்கு தங்கச்சி. புள்ளைட்டயே கேட்டுக்கிடுங்க"ன்னுட்டு எந்திரிச்சாரு. ஊத்தி வெச்ச தேத்தண்ணியக் குடிக்கல. சீனி போட்டுக் குடுத்தா ரெண்டாவது கோப்பை கேக்குற மனுசன்!

நானே யோசிச்சுக் கண்டுபிடிச்சேன். நாம கோவாங்கிற காயை இந்தியாவுல கோசும்பாங்க, எங்க ஆத்தா சொல்லியிருக்கு. அப்ப கோவா வெட்டுற வேலை. சிறைச்சாலைக் குசினி. இதைச் சொல்ல நானாவுக்கு என்ன வெக்கம்? உள்ள கெடக்குற மறியல்காரனுக்கும் பசிக்கும்ல. லயத்துல எல்லார்கிட்டயும் எம்மகன் கண்டியில அலுகோசு உத்தியோகம்னு சொல்லிட்டேன். கீழ் லயத்துச் சின்னமுத்துத் தாத்தாவுக்கு மட்டும் பொறையேறிப் போச்சு. பொறாமை.

சுந்தரி


வத்தேகம
2.5.1999

மதினி,

அது குசினி வேலை இல்லை. தூக்குப் போடுகிறவனைத்தான் அலுகோசு என்பார்கள். கயிற்றை மாட்டி, காலுக்குக் கீழே பலகையைத் தட்டிவிடுகிறவன்.

செபஸ்தியிடம் கேளுங்கள். அவனுக்குத் தெரியாமல் இருக்கலாம். தெரியாமல்தான் இருக்க வேண்டும். யாரிடமும் இனிச் சொல்ல வேண்டாம்.

சான்றிதழ் நான் வாங்கிக் கொடுத்தது.

திரேசா


ஹுன்னஸ்கிரிய
24.5.1999

நாத்தனாவுக்கு, சொகம் கேட்டு எழுத மூணு வாரமாச்சு. ஒன் கடுதாசிய எழுத்துக்கூட்டி வாசிச்சேன். வாசிச்சு முடிச்சப்ப அடுப்புல சோறு கருகிக் கிடந்துச்சு. நான் பக்கத்துலதான் நின்னுருக்கேன், மணமே தெரியல.

அவனுக்குத் தெரியும் திரேசா. மொதல்ல இருந்தே தெரியும்.

"ஏன்டா?"ன்னேன். கொழுந்துக்கூடைக்கு வார் தைச்சுக்கிட்டு இருந்தான், தலை நிமிரல. "இருவது வருசத்துக்கு மேல இந்த நாட்டுல யாரையும் தூக்குல போடல. கதிரையில ஒக்காந்து பேப்பர் பாக்குற வேலை. கார்டு குடுப்பாங்க"ன்னான். "ரேடியோவுல மறுபடி தூக்கு வரும்ங்கிறாங்களே"ன்னேன். "வந்தா வரட்டும். அத்தையே கையெழுத்துச் சேக்குது. ஊரே வேணும்னு கேக்குறப்ப ஒருத்தன் கை வேணுமில்ல"ன்னான். சொல்லிட்டு நூலைப் பல்லால கடிச்சான்.

நான் பெத்த புள்ளைதானான்னு பாத்தேன். வாய் என்னை மாதிரிதான் இருக்கு. ஒங்கண்ணன் என்ன சொன்னாருங்கிற? "கார்டு கெடைக்குமா?"ன்னு மட்டும் கேட்டாரு.

இப்ப லயத்துல எவளும் எங்கிட்டக் கைமாத்துக்குத் தேங்காகூட வாங்குறதில்ல. கொழுக்கட்டைய மட்டும் தின்னுட்டாளுக. நேத்து பீலிக்கரையில நான் போனதும் குடத்தை எடுத்துக்கிட்டு வழி விட்டாளுக. மகாராணி மாதிரி தண்ணி பிடிச்சேன். சிரிக்கலாம்னு பாத்தா வாய் ஒரு பக்கம்தான் போகுது.

நீ கோயில்ல படிச்சவ. சொல்லு. அவன் போனா பாவமா? போகாட்டி நாளைக்கு ரோட்டுல பிடிச்சாங்கன்னா யாரு வருவா? எனக்குத் தெரியல.

சுந்தரி


வத்தேகம
3.6.1999

அன்பான மதினிக்கு, கடவுள் உங்களுக்குத் தைரியம் தரட்டும். எனக்குக் காய்ச்சல் வந்து போனது, இப்போது பரவாயில்லை.

தூக்குத் தண்டனை தேவை என்பதில் என் மனம் மாறவில்லை. அந்தப் பிள்ளையின் சட்டைப் பொத்தான் இன்னும் விரலில் இருக்கிறது. ஆனால் செபஸ்தி அதைச் செய்யக்கூடாது. அதற்கென்று வேறு மனிதர்கள் இருப்பார்கள். மனம் இறுகியவர்கள், பழகியவர்கள், யாராவது ஒருவர் செய்யட்டும். இவன் நான் ஞானஸ்நானத் தண்ணீரில் பிடித்த பிள்ளை.

சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன். எழுபத்துநாலில், பஞ்ச வருடத்தில், லயத்துக்குப் பின்னால் உங்கள் கையிலிருந்த கசாயப் போத்தலைப் பிடுங்கிச் சாக்கடைக் காணில் ஊற்றினேனே. எனக்கு அப்போது பதினேழு வயது. என் பாண் பங்கை ஐந்து மாதம் உங்களுக்குத் தந்தேன். அந்த உயிர் இதற்காகவா பிழைத்தது மதினி? அவனிடம் சொல்லித் தடுத்துவிடுங்கள்.

திரேசா


ஹுன்னஸ்கிரிய
11.6.1999

திரேசாவுக்கு, காய்ச்சல் விட்டது சந்தோசம். கொத்தமல்லி அவிச்சுக் குடி.

யாராவது ஒருத்தன் செய்யட்டும்ங்கிற. அந்த யாராவது ஒருத்தன் மரத்துலயா காய்ச்சான்? அவனுக்கு ஒரு அத்தை இல்லையா? அவ வத்தேகமயில இல்ல, கடுகண்ணாவையில இருந்து இதே மாதிரி கடுதாசி எழுதிக்கிட்டு இருப்பா, எம்மருமகன் வேணாம், ஹுன்னஸ்கிரியக்காரன் செய்யட்டும்னு.

நீ அனுப்பின பேப்பர்ல ஒவ்வொரு பிரதி எங்கிட்ட இருக்குல்ல. அன்னைக்கு செபஸ்தி இன்னதுன்னு சொன்னதோட சரி, வாசிக்காமலே கையெழுத்து வெச்சேன், நாத்தனா அனுப்பினதுன்னு. இப்ப ரெண்டையும் பாய்ல பரத்தி வெச்சு, விரல் வெச்சு எழுத்துக்கூட்டினேன். ஒண்ணுல 'கருவிலுள்ள உயிரை அழிப்பது கொலை'ன்னு இருக்கு. மத்ததுல 'கொலை செய்தவருக்கு மரணமே தீர்ப்பு'ன்னு இருக்கு. தனித்தனியா வாசிச்சா சரியாத்தான் இருக்கு. ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா வெச்சு வாசிச்சா அதுல எம்பேரு வருது.

நீ ஊத்தினது மிச்சம் திரேசா. நீ ஓடி வர்றதுக்கு முன்னாலயே பாதிய நான் குடிச்சுட்டேன்.

இருவத்தஞ்சு வருசமா ஒங்கிட்டச் சொல்லல, ஒங்கண்ணன்கிட்டச் சொல்லல. மூத்ததுக ரெண்டும் மாவில்லாம வயிறு ஊதிப் போய்ச் சேந்து நாலு மாசம்கூட ஆகல. இன்னொண்ணையும் பெத்துப் புதைக்கணுமான்னு குடிச்சேன். புள்ளை அதையும் தாங்கிக்கிட்டுப் பொறந்துச்சு. எல்லாரும் பாண் குடுத்து நீ காப்பாத்தினேன்னு சொன்னாங்க, நானும் ஆமான்னேன்.

இப்ப சொல்லு. எனக்கும் ஒரு கயிறு கேப்பியா? ரெண்டு பேப்பரிலும் நானே கையெழுத்து வெச்சிருக்கேன். எனக்கு எதிரா நானே. கையெழுத்து கோணல்தான், ஆனா என்னுதுதான்.

சுந்தரி


ஹுன்னஸ்கிரிய
20.7.1999

நாத்தனா திரேசாவுக்கு, சொகமா இருக்கியான்னு கேட்டு எழுதுறது. அஞ்சு வாரமா தபால்காரன் எங்க வாசலைத் தாண்டித்தான் போறான். கோவமா? காய்ச்சலா? கோவம்னா திட்டியாவது எழுது. வெறும் உறையில பூச்சாடி படம் போட்டு அனுப்பினாக்கூட போதும்.

செபஸ்திகிட்டச் சொல்லிட்டேன். போத்தல் விசயத்தை. எதுக்குச் சொன்னேன்னு தெரியல. ஒனக்குச் சொன்னதுக்கு அப்புறம் வாய்ல நிக்கல. எந்திரிச்சுப் போய் கோழிக்கூட்டைக் கழுவினான். ஏற்கெனவே கழுவின கூடு.

ரெண்டு நாளா பேச்சில்ல. அஞ்சாந்தேதி போவானா மாட்டானா, கேக்கப் பயமா இருக்கு.

சுந்தரி


வத்தேகம
7.8.1999

அன்பான மதினிக்கு, உங்கள் இரண்டு கடிதமும் கிடைத்தன. உடல் நலம்தான்.

செபஸ்தி எங்கே? ஐந்தாம் தேதி வார்டில் லீவு சொல்லிவிட்டு முதல் பஸ்ஸில் கண்டிக்குப் போனேன். அவனைக் கையைப் பிடித்துத் திருப்பி அழைத்து வரவேண்டும் என்று. இன்டர்வியூ நடந்த கந்தோரில் காலை ஏழு மணியிலிருந்து பிற்பகல் மூன்று வரை நின்றேன். வெளியே நிற்கக்கூடாது என்று இராணுவத்தான் விரட்டியதால் வரிசையில் போய் நின்றேன். எல்லாம் வாலிபப் பிள்ளைகள். ஒருவன் அலுமாரிக்குள் மடித்து வைத்த சட்டை, மடிப்புக்கூடக் கலையாமல் போட்டிருந்தான். அவனுடைய தாய் மடித்ததாக இருக்கும். மனம் இறுகினவன் யார் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். ஒருவரும் இல்லை.

செபஸ்தி வரவில்லை. வழியில் பிடித்துவிட்டார்களா? உடனே எழுதுங்கள்.

தூக்குப் பேப்பரை நான் இன்னும் கொழும்புக்கு அனுப்பவில்லை. அந்தப் பிள்ளையின் தாய் ஞாயிறுதோறும் "அனுப்பிட்டீங்களா சிஸ்டர்" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். போன ஞாயிறு, அனுப்பிவிட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவளிடம் வேறு என்ன சொல்ல? கிழிக்கவும் முடியவில்லை. எனக்குத் தெரிந்த பதில் எல்லாம் ஏப்ரலில் எழுதியதோடு முடிந்துவிட்டது மதினி.

ஜூன் கடிதத்துக்கு ஐந்து தரம் பதில் எழுதிக் கிழித்தேன். ஒன்று மட்டும் எழுதுகிறேன். அன்று அந்தப் போத்தல் கழுத்து வரை நிறைந்திருந்ததாகத்தான் எனக்கு ஞாபகம். யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்லுவேன்.

நீங்கள் நன்றாகச் சாப்பிடுங்கள்.

திரேசா


ஹுன்னஸ்கிரிய
4.9.1999

என் அருமை நாத்தனாவுக்கு, மதினி எழுதிக்கிறது. எல்லாரும் உசுரோட சொகம். செபஸ்தியும். பயப்படாத.

ஒன் கடுதாசிய நானே வாசிச்சேன், போத்தல் இடத்துல மட்டும் பத்துத் தரம். அப்புறம் முந்தானையால மூக்கைச் சிந்திட்டு ஒங்கண்ணனுக்கு வெங்காயம்னு சொன்னேன். வெங்காயம் விலை தெரியாத மனுசன், நம்பிட்டாரு.

செபஸ்தி பேசாம இருந்தான்ல. மூணாம் நாள் சோறு திங்கையில, "கசந்துச்சாம்மா?"ன்னான். ஆமான்னேன். "அப்ப எனக்கும் ஒரு வாய் வந்திருக்கும்"ன்னான். அவ்வளவுதான். ரசம் கேட்டு வாங்கி ஊத்திக்கிட்டான். நான்தான் கரண்டியக் கீழ போட்டேன்.

அஞ்சாந்தேதி காலையில குளிச்சான், சட்டை போட்டான், ரோட்டுக்கு எறங்கினான். நான் பின்னாலயே போனேன், முழங்காலை இழுத்துக்கிட்டு. பஸ் வந்துச்சு. கையக் காட்டல. பஸ் போயிருச்சு. "ஏன்டா?"ன்னேன். "பலகை மேல நிக்கிறவனுக்கும் ஒரு அம்மா இருப்பா. அவ என்னத்தக் குடிச்சுப் பெத்தாளோ"ன்னுட்டு, அப்படியே மக்கீன் நானா கடைக்குப் போய் மூட்டை எறக்க நின்னுட்டான். இப்ப அங்கதான் வேலை. ஒனக்கு ஒடனே எழுதியிருக்கணும். எனக்கென்ன தெரியும், நீ கண்டியில காவல் நிக்கிறன்னு!

கார்டு இல்லாத பலனும் கெடைச்சுருச்சு. பதினேழாந்தேதி லொறியில சாமான் ஏத்தப் போனப்ப செக்பாயிண்டுல பிடிச்சு வெச்சுட்டாங்க. நானும் மக்கீன் நானாவும் போய் நின்னோம். நானா சிங்களத்துல பேசினாரு, நான் தமிழ்ல அழுதேன். ஒரு பகல் முழுக்க வெச்சிருந்து விட்டாங்க. வெளிய வந்து, "அம்மா, கார்டு இருந்திருந்தா இந்நேரம் வீட்டுல இருப்பேன்"ன்னான். ஆமான்னேன். பொய் சொல்ல முடியுமா? அடுத்த தரம் விடுவாங்களான்னு எனக்குத் தெரியாது. இருந்தும் அன்னைக்கு பஸ் போனதைத்தான் நெனச்சுக்கிட்டேன்.

அந்தத் தாய்க்கு என்ன சொல்றதுன்னு கேட்டிருக்க. எனக்கும் தெரியல. அந்தப் புள்ளையக் கொன்னவன் இப்ப எம்முன்னால வந்தா கவ்வாத்துக் கத்திய எடுத்தாலும் எடுப்பேன், அதையும் மறைக்கல. ஆனா எம்மகன் கையில குடுத்து வெட்டச் சொல்ல மாட்டேன். ஒருத்தி மகன் கையிலயும் குடுக்க மாட்டேன். அதனால அந்த ரெண்டாவது பேப்பர்ல எம்பேரை மட்டும் அடிச்சிரு. மத்தது அப்படியே இருக்கட்டும், அதுல எனக்குச் சம்மதம்தான், வாசிச்சுட்டுத்தான் சொல்றேன். அந்தத் தாயை ஒரு ஞாயித்துக்கெழமை இங்க கூட்டிக்கிட்டு வா. ஒண்ணும் சொல்ல வேணாம். ரெண்டு புள்ளைய நானும் புதைச்சவதான். சேந்து ஒக்காந்து கொழுந்து ஆஞ்ச கதை பேசலாம், இல்லாட்டிப் பேசாம இருக்கலாம்.

ஒடம்பைப் பாத்துக்க. காலுக்கு வெந்நீர் ஊத்து.

மதினி
சுந்தரி

பி.கு.: நேத்து ஒரு அரசாங்கக் கடுதாசி வந்துச்சு. மக்கீன் நானா வாசிச்சாரு. ஒனக்குத்தான், 'திரேசா மாத்தயா, ஹுன்னஸ்கிரிய'ன்னு ஒன்னை ஐயாவாக்கிப் போட்டிருக்கு. வரிசையில நின்னப்ப யாரோ பேரு கேட்டு எழுதியிருக்காங்க, நீயும் சொல்லியிருக்க, எந்த ஊரு ஆளுன்னு கேட்டதுக்குச் செபஸ்தி ஊரைச் சொல்லியிருக்க. அலுகோசு வேலைக்கு ஒன் விண்ணப்பத்தை ஏத்துக்கிட்டாங்களாம். இன்டர்வியூ இருவத்தோராந்தேதி காலையில எட்டரைக்கு. பிறப்புச் சான்றிதழும் நன்னடத்தைச் சான்றிதழும் கொண்டு வரணும். ஒயரம் அளப்பாங்களாம், சப்பாத்தைக் கழட்டிட்டு நிக்கணும்.